வாடகைக்கு வீடு கேட்டுப் போன எம்.எல்.ஏ.

நான் நர்ஸ் வேலையில் சேர்ந்ததும் எங்கள் தெருக்காரர் ஒருவர் எம்.எல்.ஏ. ஆனதும் ஒரே வருஷத்தில் நடந்தன. எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் எங்கள் தெருவில் அப்போது எந்தப் பேச்சை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கும். குழாயடியில் என்னைப் பார்த்தால், "வெள்ளைத்துணி வருது, வழி விடுங்கடி" என்பார்கள். அவர் வந்தாலும் அதே கிண்டல்தான்.

அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை. அப்பாவும் அவரும் ஒரே ஷாப்பில் வேலை செய்தவர்கள். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். இரண்டு பேரும் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை இறங்கி நின்று தோல் புரட்டியவர்கள். பிறகு அப்பா, மரப்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போடுகிற பட்டைக் குழிக்கு மாறினார், சித்தப்பா தொழிற்சங்கத்துக்கு மாறினார். ஷாப்பு வாசலில் அவர் பேச ஆரம்பித்தால் மைக் தேவைப்படாது. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்களுடையது தனித் தொகுதி. எங்கள் ஆட்களில் ஒருவர்தான் நிற்க முடியும். கட்சி அவரைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னது.

ஓட்டு எண்ணி முடித்த அன்று எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் முதல் மாட்டுக்கொம்பு வரை எல்லாவற்றுக்கும் மாலை போட்டார்கள். வாய் திறந்து சிரிக்கவே யோசிக்கிற அப்பா மேளத்துக்கு முன்னால் ஆடினார். மறுநாள் காலையில் சித்தி வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஷூ கம்பெனிக்குக் கிளம்பினாள். "இன்னா சித்தி, இன்னிக்குமா?" என்று கேட்டேன்.

"எம்.எல்.ஏ. அவரு. நானா எம்.எல்.ஏ.? மெஷின்ல நான் போய் உக்காரலன்னா சூப்பர்வைசர் வேற ஆள உக்கார வச்சிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு வேலை கிடைத்தது பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஊரில். அதுவும் சித்தப்பாவின் தொகுதிக்குள்தான் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் பிரசவம் பார்த்த பெண்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். நைட் டியூட்டி உண்டு என்பதால் ஆம்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வர முடியாது. ஊருக்குள்ளேயே வீடு பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு என்னுடன் வந்தார்.

எங்கே போனாலும் கேள்விகள் ஒரே வரிசையில் வந்தன. "சொந்த ஊரு?" என்பார்கள். ஆம்பூர் என்போம். "ஆம்பூர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். தெருவைச் சொல்வோம். "அப்பாருக்கு இன்னா வேலை?" அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்காது. வீடு யாருக்கோ ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதாக ஆகிவிடும். ஒரு வீட்டில் மட்டும் அந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. சமையல்கட்டைக் காட்டினாள், கிணற்றைக் காட்டினாள், நர்ஸு வீட்டோடு இருந்தால் தனக்கும் தைரியம் என்றாள். வெயிலில் வந்திருக்கிறோம் என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்பா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். பட்டைத் தண்ணீரில் பல வருஷம் ஊறிய கை அது. நகங்கள் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும். அந்த அம்மா கையைப் பார்த்தாள். சொம்பைக் கொடுக்காமல் படியில் வைத்தாள். அப்புறம், வீட்டுக்காரர் வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பது தனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததாகச் சொன்னாள்.

அப்பா தண்ணீர் குடிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது குளிர்காலம் இல்லை. ஆம்பூர் நெருங்கும்போது சொன்னார்.

"இனிமே நீ தனியா போய்க் கேளும்மா. என் கையப் பாத்தா தெரிஞ்சிடுது."

தனியாகப் போனேன். தனியாக வந்த பெண்ணுக்கு, அதுவும் ராத்திரியில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வீடு தருவதில் வேறு சங்கடங்கள் இருந்தன. எங்கள் டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு வந்த அன்றைக்கே மாடி வீடு கிடைத்துவிட்டது. நான் அலைவதைப் பார்த்து, பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்கி வைக்கிற ஸ்டோர் ரூமில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். பாய் விரித்தால் கால் நீட்ட முடியாது. டெட்டால் வாசனையிலேயே தூங்கி அந்த வாசனையிலேயே எழுந்தேன்.

சித்தி மூலமாகச் சித்தப்பாவுக்கு விஷயம் போனது. "என் தொகுதியில எம் பொண்ணுக்கு வீடு இல்லியா?" என்று கிளம்பி வந்துவிட்டார். காரில் வருவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பஸ்ஸில்தான் வந்தார். அப்போதெல்லாம் அரசு பஸ்ஸில் எம்.எல்.ஏ.வுக்கென்று ஒரு சீட் எழுதி வைத்திருப்பார்கள். அதில் உட்கார்ந்தவரை, "யோவ், எழுந்திரு, எம்.எல்.ஏ. சீட்டு அது" என்று கண்டக்டர் அதட்டியிருக்கிறார். "அதான்யா உக்காந்தேன்" என்றாராம் சித்தப்பா. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கூட வந்ததே எனக்கு வீடு கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ரிடையர் ஆன பெரியவர் ஒருவரின் வீடு. வாசலில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. சித்தப்பாவைப் பார்த்ததும் அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். பையனை அனுப்பிக் கடையிலிருந்து கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். சோடாவில் ஒரு வசதி உண்டு. பாட்டிலோடு குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சித்தப்பாவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், சீக்கிரம் குடிக்கவில்லை.

ரோடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசினார்கள். பேச்சு வாக்கில் சித்தப்பா கேட்டார். "வீடு வாடகைக்குன்னு போட்டிருக்கீங்க. நம்ம சிஸ்டருக்கு வேணும். எங்க அண்ணன் பொண்ணு."

பெரியவர் முகத்திலிருந்த சிரிப்பு மாறவேயில்லை. "ஐயய்யோ, முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்களுக்கில்லாததா? நேத்துதான் எங்க அக்கா பையனுக்குன்னு சொல்லிட்டோம். பலகைய எடுக்க மறந்துட்டோம் பாருங்க."

"அக்கா பையன் எங்க வேலை செய்றாரு?"

"இனிமேதான் வரப்போறான். வந்துதான் வேலை தேடணும்."

சித்தப்பா எழுந்தார். "இதுக்கு சட்டம் இருக்குங்க, தெரியுமா?"

"எதுக்குங்க சட்டம்?" என்றார் பெரியவர், நிஜமாகவே புரியாதவர் போல. "என் வீட்ட என் அக்கா பையனுக்குக் குடுக்கக் கூடாதுன்னா?"

சித்தப்பா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். ஷாப்பு வாசலில் முதலாளிகளை எதிர்த்து அவ்வளவு சத்தமாகப் பேசிய மனிதர், அந்த மரியாதைக்கு முன்னால் வாயடைத்துப் போனார். பெரியவர் திட்டியிருந்தால் இவர் பதிலுக்குத் திட்டியிருப்பார். சோடா கொடுத்தவரை என்ன செய்வது?

அடுத்த தடவை மெட்ராஸிலிருந்து அவர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சட்டசபை நூலகத்தில் உட்கார்ந்து தீண்டாமைச் சட்டத்தைப் படித்திருக்கிறார். "கடை, கிணறு, கோயில் மட்டும்னு நெனச்சிருந்தேன். வீடும் இருக்கும்மா அதுல! சாதியக் காட்டிக் குடியிருக்க விடலன்னா அதுவும் குத்தம்தான். வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

எனக்கு உள்ளூர பயம். ராத்திரி பகல் என்று அந்த ஊரில் நடமாட வேண்டியவள் நான். ஆனால் படியில் வைத்த சொம்பு கண்ணிலேயே நின்றது. போனேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "சாதி பேர் சொல்லித் திட்டினாராம்மா?" என்றார்.

"இல்ல சார்."

"உள்ள வராதன்னு சொன்னாரா?"

"உக்காரச் சொன்னார் சார். சோடா வாங்கிக் குடுத்தார்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சித்தப்பாவைப் பார்த்தார். கிண்டல் இல்லை அவர் முகத்தில், ஒரு மாதிரி அனுதாபம்கூட இருந்தது. "இத நான் எப்படி சார் எழுதறது? நீங்களே சொல்லுங்க. எழுதித் தாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். கோர்ட்டுல அவங்க வக்கீல் கேப்பாரு, சோடா குடுத்தது குத்தமான்னு."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். "சட்டம் எழுதினவங்க கெட்ட வார்த்தைக்கு எழுதிட்டாங்க, நல்ல வார்த்தைக்கு எழுதல" என்றார் சித்தப்பா. எழுதிக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருடைய சட்டைப்பையிலிருந்த எம்.எல்.ஏ. பாஸ் இலைகளுக்கு நடுவில் விழுந்த வெயிலில் பளபளத்தது.

கடைசியில் எனக்கு வீடு கிடைத்தது நான் தேடாதபோது. பிரசவத்துக்கு வந்த மகளுக்குத் துணையாக ஒரு முஸ்லிம் அம்மா வார்டில் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பீபிம்மா. அவருடைய வீட்டுக்காரர் வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்து இறந்துபோனவர். குழந்தை பிறந்த மறுநாள், நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். இங்கேதான் என்றேன். "இங்கன்னா எங்க?" என்று பின்னாலேயே வந்து ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்தார்.

"அரே! பஞ்சு மூட்டை மாதிரி பொண்ண உள்ள போட்டு வச்சிருக்காங்களே! எங்க வீட்டுல வாசப்பக்கம் ரெண்டு ரூமு சும்மா கெடக்குது. வர்றியா?"

நானாகவே சொல்லிவிட்டேன். ஆம்பூர், இந்தத் தெரு, அப்பாவுக்கு ஷாப்பில் வேலை என்று. மறைத்து வைத்து, பிறகு ஒரு நாள் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற எனக்குத் தெம்பு இல்லை. பீபிம்மா இதையெல்லாம் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. "நைட்டு டூட்டி முடிச்சு வந்தா கதவ நான் எழுந்து தொறக்கணுமா? எனக்கு முட்டிவலி ஜாஸ்தி. தனிச் சாவி வச்சுக்க" என்றார்.

அவருடைய தம்பிக்கு என்னைக் குடிவைத்ததில் இஷ்டம் இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே உருதுவில் சண்டை நடக்கும். எனக்குப் பாதி புரியும். பீபிம்மாவின் குரல்தான் கடைசியில் கேட்கும்.

அந்த வீட்டில் இருந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அடுப்புக்கரி வாசனையும் புதினா வாசனையும் வருகின்றன. நோன்பு மாதத்தில் சாயங்காலம் நான் டியூட்டி முடித்து வந்தால் என் அறை வாசலில் கஞ்சி மூடி வைத்திருப்பார். அவர் எனக்கு உருது கற்றுக் கொடுத்தார், நான் அவருக்கு பிரஷர் பார்க்கிற மெஷினைக் காட்டினேன். அதற்கப்புறம் தினமும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கம்மியாகச் சொன்னால் என்மேல் கோபம் வரும். தன் முட்டிவலிக்குத் தகுந்த பிரஷர் தனக்கு இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

வெகுநாள் வரை அப்பா அங்கே வரவில்லை. நான் கட்டாயப்படுத்தி ஒருநாள் அழைத்து வந்தேன். வாசலிலேயே நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பீபிம்மா திரைக்குப் பின்னாலிருந்தே டீ அனுப்பினார். வேறு வழியில்லாமல் அப்பா கையை நீட்டிக் கிளாஸை வாங்கினார். திரை கொஞ்சம் விலகியது.

"பட்டைக் குழியா? இன்னும் பட்டைதான் போடறாங்களா உங்க ஷாப்புல? பட்டைக்குப் பதிலா குரோம் மருந்து வந்துட்டுதுன்னு சொன்னாங்களே."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பாதி பட்டை, பாதி குரோம்மா. ஆனா பட்டையில வர்ற கலரு குரோமுல வராது."

"எங்க வீட்டுக்காரரும் அதான் சொல்வாரு" என்றார் பீபிம்மா. பிறகு இரண்டு பேரும் தோலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், மழைக்காலத்தில் வருகிற வெள்ளைப் பூஞ்சை. எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பஸ் ஏற்றிவிடப் போனபோது அப்பா கைகளை வீசிக்கொண்டு நடந்தார்.

இதற்கு நடுவில் சித்தப்பா என் கதையைச் சட்டசபையில் பேசிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதை நடித்துக் காட்டினார். எழுந்து நின்றது, தொண்டையைக் கனைத்தது, சோடா என்று சொன்னதும் சபையில் சிரிப்பு எழுந்தது. குறிப்பிட்ட புகார் வந்தால் அரசு நடவடிக்கை எடுக்கும் என்று பதில் சொன்னார்களாம். டீ குடிக்க வெளியே வந்தபோது எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து கை கொடுத்திருக்கிறார்கள்.

"நல்லா பேசினீங்கன்னாங்க. ஆனா எங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதுன்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. தெக்க இருக்கறவரும் சொல்றாரு, மேக்க இருக்கறவரும் சொல்றாரு. அப்போ இது எங்கதான்மா நடக்குது?"

சித்தி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கத்திரிக்காயை வைத்தாள். "உனக்கு மெட்ராஸுல யாரு வீடு குடுத்தாங்க?" என்றாள்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "எம்.எல்.ஏ. ஹாஸ்டல்தான். கவர்மெண்டு ரூமு."

"அத இவளுக்கும் கேளு."

அதற்குப் பிறகு சித்தப்பா வாடகைக்கு வீடு கேட்டு யாரிடமும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸுகளுக்குக் குவார்ட்டர்ஸ் கட்ட வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். சபையில் கேட்டார், கலெக்டர் ஆபீஸில் கேட்டார், கல்யாண வீட்டில் அதிகாரியைப் பார்த்தால் அங்கேயும் கேட்டார். பேஜார் பிடித்த மனுஷன் என்று பெயர் வாங்கினார். கடைசியில் அனுமதி வந்தது. ஆனால் சுவர் எழும்புவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. கட்சி அவருக்கு மறுபடி சீட் கொடுக்கவில்லை. அவர் திரும்ப சங்கத்து ஆபீஸுக்கே போய் உட்கார்ந்தார்.

திறப்பு விழாவுக்கு யார் யாரோ வந்தார்கள். கல்வெட்டில் யார் யார் பேரோ இருந்தது. சித்தப்பா கூட்டத்தோடு கூட்டமாகப் புங்கமரத்தடியில் நின்று கைதட்டினார். எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பீபிம்மா வீட்டை விட்டுவர எனக்கு மனசே இல்லை. இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது?

குவார்ட்டர்ஸ் ஊரைத் தாண்டி, பிணவறையைத் தாண்டி, சோளக்கொல்லையை ஒட்டி இருந்தது. விழா முடிந்ததும் எனக்கு ஒதுக்கப்பட்ட வீட்டைச் சித்தப்பா சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார், குழாயைத் திருகினார். பிறகு சுவரில் கைவைத்துக்கொண்டு சொன்னார்.

"ஊருக்குள்ள உனக்கு ஒரு வீடு வாங்கித் தரணும்னுதான் வந்தேன். ஊருக்கு வெளிய ஒரு வீடு கட்டித்தான் தர முடிஞ்சுது."

நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் கோபம் கல்வெட்டின் மேல் இருந்தது. அவர் கவலை வேறாக இருந்தது. அவர் கேட்டுப் போன கதவுகள் மூடியபடியே இருந்தன, இனி யாரும் தட்டத் தேவையில்லாததால் இன்னும் நிம்மதியாக மூடியிருக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"பக்கத்து வீட்டுக்கு நாகர்கோவில் சிஸ்டர் வர்றாங்க சித்தப்பா. அவங்களுக்கும் ஊருக்குள்ள யாரும் வீடு தரல. தனியா இருக்கற பொம்பளன்னு" என்றேன். "சந்தோஷப்பட்டாங்க."

"அப்படியா?" என்றார். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

நான் குடிபோனேன். பால் காய்ச்சின அன்று பீபிம்மா திரை கட்டின குதிரை வண்டியில் வந்து இறங்கி, இவ்வளவு தூரத்தில் தன் பிரஷரை யார் பார்ப்பது என்று எல்லோர் முன்னாலும் அழுதார். வாரம் ஒருநாள் வருவதாகச் சத்தியம் செய்து கொடுத்தேன். கடைசி வரை போனேன். சித்தி அண்டாவோடு வந்திருந்தாள். வார்டு சிப்பந்திகள், நாகர்கோவில் சிஸ்டர், டாக்டரம்மா எல்லோரும் ஹாலில் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தப்பா பரிமாறினார். அவருடைய குரல் சோளக்கொல்லை வரை கேட்டது.

அவர் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. ஒரு நர்ஸுக்கு வாடகை வீடு கேட்டு பஸ் ஏறி வந்த ஒரு எம்.எல்.ஏ. இருந்தார் என்று சொன்னால் என் பிள்ளைகள் நான் கதைவிடுவதாக நினைக்கிறார்கள். பால் காய்ச்சின அன்று சாயங்காலம் அப்பாவும் அவரும் கடைசி பஸ்ஸுக்கு நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். கொல்லைப் பாதையில் விளக்கு இல்லை.

"இருட்டுல இந்தப் புள்ளைங்க எப்படி வரும் போகும்? நாலு கம்பம் நட்டா போதும். நாளைக்கு ஈ.பி. ஆபீஸுக்குப் போகணும்" என்றார் சித்தப்பா.

"நீ இப்போ எம்.எல்.ஏ. இல்லடா தம்பி" என்றார் அப்பா.

"அதனால இன்னா? உள்ள விடாமயா போய்டுவான்?"

இரண்டு பேரும் அதைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டே போனார்கள்.